பதினான்கு பிழைகளும் ஒரு லஹோத்தாவும்

1950இல் எங்கள் பிர்னோ நகரத்தில் ருஷ்ய மொழி தெரியாத வரலாற்று ஆய்வாளர் ஒருவர்கூட இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தெரியும் என்றுதான் சொல்வார்கள். மாஸ்கோ பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு டிராமில் போவார்கள். தலையை ஆட்டி ஆட்டிப் படிப்பார்கள். இறங்கும் இடம் வரைக்கும் பக்கம் மட்டும் திரும்பாது. நிஜமாகவே தெரிந்தவள் ஒருத்திதான். வரலாற்று ஆய்வு நிலையத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஹெத்விகா மலாச்கோவா.

அவளுக்கு அது படித்து வந்த மொழி இல்லை. அப்பா முதல் உலகப் போரில் பிடிபட்டு, சைபீரியா முழுக்கச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய செக் சிப்பாய். திரும்பும்போது சமாராவிலிருந்து ஒரு மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் கூட்டி வந்தார். அந்தக் குழந்தை அம்மாவிடம் ருஷ்ய மொழியில் அழுது, அப்பாவிடம் செக் மொழியில் பொய் சொல்லி வளர்ந்தது. அடுத்த போர் முடிவதற்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் ஹெத்விகாவுக்கு மிச்சமிருந்தவை இரண்டு மொழிகள், ஒரு வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமைகளில் கொலாச் ரொட்டி வாங்கிக்கொண்டு வரும் ஒரு பூகோள ஆசிரியர்.

நிலையத்தில் பெரிய தலை பேராசிரியர் ராதிம் ஹோரெல். உயரமான ஆள், நல்ல குரல், யார் பேசினாலும் பாதியில் புரிந்துகொண்டுவிடுகிறவர். 1949இல் ஒரு குழுவோடு மாஸ்கோ போனவர், ஆர்சேனி லதீகின் என்ற மூத்த வரலாற்று ஆசிரியரின் தட்டச்சுப் பிரதி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினார். எங்கள் தாபோர் வீரர்களைப் பற்றி ஒரு ருஷ்யர் எழுதிய பெரிய ஆராய்ச்சி. மாஸ்கோவில் அது இன்னும் அச்சாகவில்லை. முதலில் செக் மொழியில்தான் வரப்போகிறது. ஹோரெலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு பக்கம் முன்னுரை எழுதினார். அதில் லதீகினை மாஸ்கோவின் விளக்கு என்றார். அறுநூறு பக்கத்தையும் மொழிபெயர்க்கும் வேலை மட்டும் கழிப்பறைக்கு அடுத்த அறைக்கு வந்தது.

தாபோர் என்றால் எங்களுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் குடியானவர்கள் ஒரு குன்றில் கூடி, உன்னது என்னது என்று எதுவும் கிடையாது என்று அறிவித்து, உடைமைகளை எல்லாம் பொதுத் தொட்டியில் போட்டார்கள். ஐம்பதுகளில் ஆட்சியில் இருந்தவர்கள் இவர்களைத் தங்கள் சொந்தத் தாத்தாக்களாகவே தத்தெடுத்துக்கொண்டார்கள். லதீகினும் அவர்களை நேசித்தவர்தான். ஆனால் அந்த மனிதர் ஆவணங்களைப் படித்துவிட்டார், அதுதான் வினை. தொட்டி நிறைந்து ஒரு வருஷம் ஆவதற்குள் தாபோர் தளபதிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வரி கேட்டுப் போனதையும், கொடுக்காதவன் மாட்டை ஓட்டிப் போனதையும், முன்பு பிரபுவுக்கு மட்டும் அழுதோம், இப்போது சகோதரர்களுக்கும் சேர்த்து அழுகிறோம் என்று குடியானவர்கள் முறையிட்டதையும் அப்படியே எழுதியிருந்தார்.

ஹெத்விகா பதினான்கு மாதம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தினாள். ஒரு வாக்கியம் மூக்கை நீட்டினால் இவளும் நீட்டினாள், அது முனகினால் இவளும் முனகினாள். சந்தேகம் வந்தால் லதீகினுக்கே கடிதம் எழுதினாள். அவர் பதில் போட்டார். அம்மா சமாராக்காரி என்று ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தாள். 1950 இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. ஆறு வாரம் கழித்து லதீகினிடமிருந்து ஊதா மையில் ஒரு கடிதம் வந்தது. செக் மொழி தெரிந்த தன் மருமகளை விட்டு இரவும் பகலுமாக முழுப் புத்தகத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். "ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியதுதான். கடுமையான இடங்களைக்கூட நீங்கள் மென்மையாக்கவில்லை, அதற்காகவே உங்களுக்குத் தலைவணங்குகிறேன். ஒரே ஒரு தப்பு. என் லஹோத்தா கிராமத்துக் குடியானவர்களைத் தாபோர் பக்கத்திலிருந்து கிளப்பி எங்கோ மொராவியாவில் குடியேற்றிவிட்டீர்கள்."

அவள் புத்தகத்தின் கடைசியில் இருந்த ஊர்ப்பெயர் அடைவைப் புரட்டிப் பார்த்தாள். ஆமாம். மூலத்தில் வெறுமனே லஹோத்தா என்றுதான் இருந்தது. எங்கள் நாட்டில் லஹோத்தா என்று முந்நூறு ஊர்களுக்கு மேல் இருக்கின்றன. எந்த லஹோத்தா என்று அடைப்புக்குறிக்குள் சொல்லாவிட்டால் தபால்காரன்கூடத் திட்டுவான். அவரவருக்கு அவரவர் லஹோத்தாதான் லஹோத்தா. அவள் கை யோசிக்காமல் "குன்ஷ்டாட் அருகில்" என்று எழுதியிருந்தது. மொராவியாவில் அவளுடைய அப்பா பிறந்த ஊர். அன்றைக்கு அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள்.

1952 பிப்ரவரியில் மாஸ்கோ பத்திரிகை மூன்று வாரம் தாமதமாக வந்தது. நிலையத்தில் அன்றைக்குக் கூட்டம். பிராத்திஸ்லாவாவிலிருந்து கேய்சா லுப்தாக் என்ற ஸ்லோவாக் ஆய்வாளரும் வந்திருந்தார். லதீகினை ஸ்லோவாக் மொழியில் கொண்டுவரப்போகிறவர். அதற்காகவே ருஷ்ய மூலப் பிரதியை வாங்கிப் போய் இரண்டு மாதம் வைத்திருந்து, செக் பதிப்போடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தவர். அன்றைக்கு அந்த அறையில் ஹெத்விகாவைத் தவிர ருஷ்ய மொழியைத் தத்தித் தத்தியாவது படிக்கக்கூடியவர் அவர்தான்.

ஹோரெல் பத்திரிகையை அவள் பக்கம் தள்ளினார். "தோழர் மலாச்கோவா, நம்ம புத்தகத்தைப் பத்தி ஆறு பக்கம் எழுதியிருக்காங்க. நீங்களே செக்ல வாசிச்சிடுங்க. எல்லாருக்கும் புரியும்தான், இருந்தாலும் நேரம் மிச்சம் பாருங்க."

எழுத்துக்கூட்டித் தலைப்பை மட்டும் படித்திருந்தார் பாவம். பாராட்டு என்று நினைத்துவிட்டார். மேஜைக்கு ரொட்டித் துண்டும் ஒரு குப்பி பிளம்ஸ் சாராயமும்கூட வரவழைத்திருந்தார்.

ஹெத்விகா பார்த்தபடியே வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் அவள் குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. பிர்னோவில் வந்திருக்கும் இந்தப் புத்தகம் தாபோர் புரட்சியாளர்களைக் கொள்ளைக்காரர்களாகக் காட்டுகிறது. பதினான்கு இடங்களில் வர்க்க எதிரியின் குரல் கேட்கிறது. இதற்குப் பேராசிரியர் லதீகின் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவருடைய செக் பதிப்பாளர்கள் சொல்ல வேண்டும். அறையில் ரொட்டி மெல்லும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: "இந்த அவதூறுக்கு ராதிம் ஹோரெல் என்பவர் பதினோரு பக்கம் முன்னுரை எழுதியிருப்பது அறியாமையா, வேறு ஏதாவதா என்பது விசாரிக்கத் தக்கது."

அந்த வரியை அவள் விழுங்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. விழுங்கத் தெரிந்திருந்தால் அவள் வேறு பெண்ணாக இருந்திருப்பாள், நானும் வேறு யாரைப் பற்றியாவது எழுதிக்கொண்டிருப்பேன். அவள் நிமிர்ந்து ஹோரெலைப் பார்த்தாள், குனிந்தாள், அதையும் சொல்லுக்குச் சொல் சொன்னாள்.

ஹோரெலின் முகம் வெளிறியதை எல்லோரும் பார்த்தார்கள். தன்னை எல்லோரும் பார்த்ததை அவரும் பார்த்தார். அதை அவர் மன்னிக்கவே இல்லை.

"நான் படிச்சது செக் பதிப்பை," என்றார் மெதுவாக. "லதீகின் மாதிரி ஒரு மனுஷர் இப்படி எழுதியிருப்பாரா? சான்ஸே இல்ல. நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"மூலத்துல இப்படித்தான் இருக்கு," என்றாள் ஹெத்விகா. "பிரதி உங்க மேஜை இழுப்பறையிலதான் இருக்கு. எடுத்துப் பாத்துடலாமே."

"எந்த இழுப்பறை?"

"இடது பக்கம். கீழ."

"அங்க ஒண்ணும் இல்லியே," என்றார் ஹோரெல். நாற்காலியிலிருந்து அசையவும் இல்லை.

அவள் மேஜையின் மறுகோடிக்குத் திரும்பினாள். "தோழர் லுப்தாக் ரெண்டு மாசம் வெச்சிருந்தாரே. வரி வரியா ஒத்துப் பாத்தேன்னு சொன்னாரே. சொல்லுங்க தோழர்."

லுப்தாக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். எனக்குத் தெரிந்து யாருக்கும் தானாகப் போய்க் கெடுதல் செய்யாதவர். "நான்... மேலோட்டமாத்தான் புரட்டினேன்," என்றார். "எனக்கு ருஷ்யன் அவ்வளவா வராதுங்க."

எங்கள் நாட்டில் ஒரு வரலாற்றுக்காரர் ருஷ்ய மொழி தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. தப்பு மொழிபெயர்ப்பாளருடையதுதான் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கைகள் உயர்ந்தன. விருந்தாளி கை தூக்க வேண்டிய அவசியமே இல்லை, அவரும் தூக்கினார்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் லுப்தாக் அவளைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க மொழிபெயர்ப்பு அப்பழுக்கு இல்லாததுங்க. நான் பாத்ததிலேயே அதான் பெஸ்ட்டு. மனசுல வெச்சுக்கோங்க."

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே."

"புதன்கிழமை பிராத்திஸ்லாவால எனக்கு இதே கூட்டம்ங்க. எனக்கு மூணு பிள்ளைங்க." ஆறுதலாக அவள் தோளைத் தட்டிவிட்டு ரயிலுக்குப் போனார். திட்டியிருந்தால்கூட ஹெத்விகாவுக்குத் தேவலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து ஊதா மைக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியதுதான். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. இதைக் காட்டினால் மறுநாளே அவள் மேல் இருந்த பழி போய்விடும். காட்டினால் அதன் நகல் ஒரே வாரத்தில் மாஸ்கோ போய்ச் சேர்ந்துவிடும். லதீகினுக்கு அறுபது வயது, நுரையீரல் சரியில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஊரில் அந்த வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் என்ன செய்யும் என்று சமாராக்காரியின் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரவைச் சூப்பு ஆறி ஏடு கட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கடிதத்தை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். முட்டாள்தனம் என்று நான் சொல்வேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

புத்தகத்தைக் கூழாக்கிவிடலாம் என்றார்கள் முதலில். காகிதம் கிடைக்காத காலம், இரண்டாயிரத்து இருநூறு பிரதி மிச்சம். அதனால் ஹோரெல் ஒரு பிழைதிருத்தச் சீட்டு தயாரித்தார். "மொழிபெயர்ப்பாளரின் பிழைகள்" என்று தலைப்பு, கீழே பதினான்கு வரிகள். "கொள்ளையடித்தனர்" என்பதைத் "திரட்டினர்" எனப் படிக்க. "மாட்டை ஓட்டிப் போயினர்" என்பதை "மாடு நன்கொடையாகப் பெறப்பட்டது" எனப் படிக்க. "அழுகிறோம்" என்பதை "ஆதரிக்கிறோம்" எனப் படிக்க. அடியில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"படிச்சுப் பாக்க வேணாமா?" என்றார் ஹோரெல் பேனாவை நீட்டியபடி.

"ஒரு தப்பு விட்டுப்போயிருக்கு," என்றாள் அவள்.

"என்னது?"

"ஒண்ணும் இல்ல." கையெழுத்துப் போட்டாள்.

தான் செய்த ஒரே ஒரு நிஜமான பிழை அந்தச் சீட்டில் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும், ஆனால் அவர் மாஸ்கோவில் இருந்தார்.

நிலையத்தில் வேலை போயிற்று. பூகோள ஆசிரியர் ஒரு ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை, அவ்வளவுதான். தொழிலாளர் அலுவலகம் அவளைப் பதிப்பகத்தின் கிடங்குக்கு அனுப்பியது. ஸ்வித்தாவா ஆற்றங்கரையில், பீருக்கு வாற்கோதுமை முளைகட்டிய பழைய கட்டடம். அங்கே அவளுக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? இரண்டாயிரத்து இருநூறு பிரதியிலும் அந்தச் சீட்டை ஒட்டுவது. ஹோரெல் ஏற்பாடு செய்ததா, சும்மா அப்படி அமைந்ததா என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஏற்பாடு செய்ததுதான். போன் போட்டே சொல்லியிருக்கிறார்.

கிடங்கு மேஸ்திரி பெத்ரிஹ் தூச்செக், வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. முதல் நாள் அவளுக்கு ஒரு வாளி மாவுப் பசையும் ஒரு தூரிகையும் கொடுத்தான்.

"ஏம்மா படிச்சவளே, தப்பையும் நீயே பண்ணிட்டு ஒட்டுறதும் நீயே ஒட்டுறியா? நல்ல பொழப்புதான் போ."

"நான் தப்புப் பண்ணல."

"இங்க கீழ உன் கையெழுத்து இருக்கே?"

அவள் தூரிகையைப் பசையில் முக்கினாள். தூச்செக் அடுத்த நாளிலிருந்து அவளைப் "பதினாலு" என்று கூப்பிட ஆரம்பித்தான். பதினாலு, சூடா காபி இருக்கு. பதினாலு, மேல் தட்டுல எலி. கிடங்கு முழுக்க அதுவே பெயராகிவிட்டது. பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும், குளிரில் பசை கட்டிப்போகும், விரல் நுனி வெடித்து மாவு உள்ளே போய் எரியும். ஏப்ரல் கடைசிவரை ஒட்டினாள். எல்லாம் கோணல்மாணலாகவே ஒட்டினாள். அவளால் செய்ய முடிந்த எதிர்ப்பு அது ஒன்றுதான், அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்தக் கோடையில் பொட்டலம் கட்ட ஒரு வண்டி பழைய பத்திரிகை வந்தது. அதில் மாஸ்கோ பத்திரிகையும் கிடந்தது. உட்கார்ந்த இடத்திலேயே புரட்டினாள். லதீகினின் விளக்கம் வந்திருந்தது. செக் பதிப்பைத் தான் கண்ணால் பார்த்ததில்லை என்றும், தன் பிரதியை மொழி சரியாகத் தெரியாத யாரோ ஒருவர் திரித்துவிட்டதாக நண்பர்கள் மூலம் அறிந்து வேதனைப்பட்டதாகவும் எழுதியிருந்தார். அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள் என்று அடியில் ஒரு குறிப்பு.

அவள் அழுதாள் என்றுதானே நினைப்பீர்கள்? சந்தோஷப்பட்டாள். பிழைத்துவிட்டார்! பிழைப்பதற்கு நான் உதவியிருக்கிறேன். அந்த "யாரோ ஒருவர்" யார் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இது எங்கள் இரண்டு பேருக்குள். இப்படி ஒரு எண்ணத்தைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷம் அந்தக் கிடங்கில் பெட்டி தூக்கினாள். காலம் மாறட்டும், ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், மொழிபெயர்ப்பு சரிதான் என்று. அது போதும் அவளுக்கு.

காலம் மாறத்தான் செய்தது. 1956க்குப் பிறகு மாஸ்கோவில் லதீகின் மறுபடியும் பெரிய மனிதரானார். அந்தப் பதினான்கு இடங்களும் திடீரென்று துணிச்சலான ஆராய்ச்சியாகிவிட்டன. ஹோரெல் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டு, ஆரம்பத்திலேயே லதீகினைக் கண்டுகொண்டது நாங்கள்தான் என்றார். 1957 ஜூனில் லதீகின் பிர்னோவுக்கே வந்தார். பிராகிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு அன்று காலை சிறுநீரகக் கல் வலி. இருநூறு பேர் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் ருஷ்ய மொழி தெரியும், ஒருவருக்கும் தெரியாது. கிடங்குக்குக் கார் வந்தது.

"பதினாலு! உனக்குக் கார் வந்திருக்கு!" என்று தூச்செக் கத்தினான். "கைல பசையக் கழுவிட்டுப் போ, தாயி."

1949இல் தைத்த பழுப்புக் கோட்டு. அதற்குள் ஆள் இளைத்திருந்தாள். ஹோரெல் வாசலில் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு நீங்க வெறும் குரல், தோழர். பேரெல்லாம் சொல்லிக்க வேணாம். புரியுதா?"

"புரியுது."

லதீகின் வெள்ளைத் தாடியோடு, குட்டையாக, அழகாக இருந்தார். அவள் பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்லச் செக் மொழியில் சொன்னாள். ஐந்து வருஷம் புழங்காத ருஷ்ய மொழி அவள் வாயில் செக் மொழியாக ஊற்றுப் போல் வந்தது. கெட்ட நாட்களில் தன்னைத் தாங்கிய செக், ஸ்லோவாக் நண்பர்களுக்கு அவர் நன்றி சொன்னார். ஹோரெல் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். முன்வரிசையில் லுப்தாக் முடி நரைத்து உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான். ஐந்து வருஷம் அந்தப் படிக்கட்டு அவர் மனதை அறுத்திருக்க வேண்டும்.

"பேராசிரியர்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார். "1950 செக் பதிப்பு. அதோட மொழிபெயர்ப்பு சரியா இருந்துச்சா, இல்லியா?"

ஹெத்விகா கேள்வியை ருஷ்ய மொழியில் சொன்னாள். சொல்லும்போது முதல் தடவையாக லதீகினின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இதோ, என்று நினைத்தாள்.

லதீகின் தாடியைத் தடவிக்கொண்டார். சிரித்துக்கொண்டே பேசினார். அவர் முடித்ததும் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அவள் யார் என்று தெரியும். அவர்களும்தான் பார்த்தார்கள்.

அவள் சொன்னாள்: "பாவம், அந்தப் பெண். மொழி போதாமல் அறுநூறு பக்கத்தைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு அவளால் நிறையத் துன்பம். ஆனால் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சமையலறையில் இருக்க வேண்டியவர்களை நாம்தான் சில சமயம் நூலகத்தில் உட்காரவைத்துவிடுகிறோம்."

சிரித்தார்கள். கடைசி வாக்கியத்துக்கு மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் அந்த வாக்கியத்தையும் எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திச் சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். லுப்தாக் மட்டும் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார்.

விருந்துக்குப் போகும் வழியில், கோட்டு மாட்டும் இடத்தில், ஹோரெல் தொப்பி தேடிப் போன நேரத்தில், அவள் ருஷ்ய மொழியில் சொன்னாள். "நான்தான் மலாச்கோவா."

"தெரியும்மா," என்றார் லதீகின், தாழ்ந்த குரலில். "நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. சமாராப் பேச்சு."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்ல? ஒரு தடவ எழுதிட்டேனே. இப்போ மாத்திச் சொன்னா அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஆயிடாதா?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது. "அந்தக் கடிதம்... ஊதா மை. இருக்கா இன்னும்?"

"இருக்கு. இதோ, பையிலேயே இருக்கு."

"பத்திரமா வெச்சிருக்கீங்க, நல்ல பொண்ணு. இங்க பாருங்க, புதுப் பதிப்பு வரப்போகுது. முன்னுரை நான் எழுதுறேன். அதுல சாவகாசமா உங்களைப் பத்தி எழுதிடறேன். கடிதம் கையில இருந்தா எனக்கு வசதியா இருக்கும், தேதியெல்லாம் பாத்துக்கலாம்."

அவள் கொடுத்தாள். ஆமாம், கொடுத்தாள். அதை எழுதும்போது இப்போதுகூட எனக்குக் கை பரபரக்கிறது, போய்ப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று. லதீகின் அங்கேயே நின்று படித்தார், நடுவில் சத்தமாகச் சிரித்தார். "அட, லஹோத்தா! மறந்தே போச்சு!" பிறகு அதை உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அவளை விருந்துக்கு அழைக்கவில்லை. திரும்பிப் போகக் காரும் இல்லை. டிராமில் போனாள்.

ஒரு வருஷம் காத்திருந்தாள். பெட்டி தூக்கும்போது அந்த முன்னுரையை மனசுக்குள் அவளே எழுதிப் பார்த்தாள். நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். ஒரு வரிகூடப் போதும்.

1958 செப்டம்பரில் நாலாயிரம் பிரதி கிடங்குக்கு வந்து இறங்கியது. நல்ல காகிதம், துணி அட்டை. முதல் கட்டைப் பிரித்தது அவள்தான். உள்ளே: மொழிபெயர்ப்பு, ராதிம் ஹோரெல். லதீகினின் முன்னுரை நான்கு பக்கம். எழுத்து எழுத்தாகப் படித்தாள். "கடைசியில் நான் பிழையில்லாத செக் மொழியில் பேசுகிறேன்" என்று முடித்திருந்தார். அவள் பெயர் எங்கும் இல்லை. புத்தகத்தைப் புரட்டினாள். முதல் வாக்கியம் அவளுடையது. இரண்டாவது வாக்கியமும் அவளுடையது. அறுநூறு பக்கமும் கமா மாறாமல் அவளுடையது. கொள்ளையடித்தனர். மாட்டை ஓட்டிப் போயினர். அழுகிறோம். பதினான்கும் திரும்பி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

கடைசியாக அடைவைப் பார்த்தாள். லஹோத்தா (குன்ஷ்டாட் அருகில்). அப்பாவின் ஊர். ஹோரெலுக்கு எங்கே தெரியப்போகிறது, அதையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தார். அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இனி இதுதான் சாட்சி. இந்தத் தப்பு உலகத்தில் வேறு யாருக்கும் வராது. இந்தப் புத்தகம் யாருடையது என்று கேட்டால் இது ஒன்றே பதில் சொல்லும்.

பன்னிரண்டு நாள் அந்தச் சாட்சி இருந்தது. பிறகு அச்சகத்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. தூச்செக் அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றான். சுருட்டை வாயிலிருந்து எடுத்திருந்தான்.

லதீகின் ஹோரெலுக்கு எழுதியிருந்தார். புத்தகம் பிரமாதம், ஒரே ஒரு சின்ன விஷயம், பழைய மொழிபெயர்ப்பாளர் செய்த ஒரு தப்பு தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, பழைய கடிதம் ஒன்றைப் பார்த்ததில் நினைவுக்கு வந்தது. அந்த ஊதா மைக் கடிதத்தில் நூறு வார்த்தை இருந்தது. அவளுக்கு எதிரான வார்த்தைகள் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தன.

பொட்டலத்தில் இருந்தது மறுபடியும் பிழைதிருத்தச் சீட்டு, மூன்று வரி. பக்கம் 611: "லஹோத்தா (குன்ஷ்டாட் அருகில்)" என்பதை "லஹோத்தா (தாபோர் அருகில்)" எனப் படிக்க. இது முந்தைய மொழிபெயர்ப்பாளர் ஹெத்விகா மலாச்கோவாவின் பிழை.

"நாலாயிரம்," என்றான் தூச்செக். "ஒரு மாசம் ஆகும். அச்சாபீஸ்ல ரெண்டு பொண்ணுங்களக் கேட்டிருக்கேன், அவளுங்க ஒட்டட்டும். நீ போய் மேல உக்காரு, பதினாலு." கொஞ்சம் தயங்கினான். "இதுவும் அவனுங்க கட்டுனதுதானே?"

"இல்ல," என்றாள் ஹெத்விகா. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தன் பெயரை இன்னொரு முறை படித்தாள். முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. "இது நெஜமாவே என் தப்பு. யாரும் வேணாம், நானே ஒட்டுறேன்."

பசையை அவளே காய்ச்சினாள், கட்டி விழாமல். நாலாயிரத்தில் ஒன்றைக்கூடக் கோணலாக ஒட்டவில்லை.